வயலினும் செலோவும் மட்டும்: ராவெலின் சொனாட்டாவைக் கேட்கப் பழகும் முறை

மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குள் புதிதாக நுழைய விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பெரிய சிம்பொனியைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். என் கருத்து வேறு. பல பேர் சேர்ந்து வாசிக்கும்போது எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே புதியவருக்குப் பிடிபடுவதில்லை; இரண்டே வாத்தியங்கள் இருந்தால் எதுவும் மறைந்துகொள்ள முடியாது, காதும் விரைவில் தேர்ச்சி பெறும். அந்தப் பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுப்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ராவெல் 1920 முதல் 1922 வரை எழுதிய வயலின்-செலோ சொனாட்டா (செலோ என்பது வயலினைப் போன்ற, அளவில் பெரிய வாத்தியம்; சொனாட்டா என்பது ஒன்றோ சில வாத்தியங்களோ வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட படைப்பு). நான்கு பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 20 நிமிடம். பியானோ இல்லை, இரண்டு வில்களும் எட்டுத் தந்திகளும் மட்டுமே உண்டு.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாத்தியம் மெட்டை வாசிக்க, மற்றது பக்கத்துணை செய்யும் என்ற எதிர்பார்ப்போடு அமர்ந்தால் இந்தப் படைப்பு கரடுமுரடாகவும் வறண்டும் தோன்றும். சம உரிமை உள்ள இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன என்று ஏற்றுக்கொண்டு, இரண்டையும் பின்தொடரக் காதைப் பழக்கினால்தான் அதன் அழகு புலப்படும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்துக்காகவே.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1918 மார்ச் 25 அன்று, ராவெலுக்கு மூத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் கிளோத் டெபுஸி பாரிசில் காலமானார். அவரது நினைவைப் போற்ற ‘லா ரெவ்யூ மியூஸிகால்’ என்ற பிரெஞ்சு இசை இதழ் 1920 டிசம்பரில் ஒரு சிறப்பிதழ் வெளியிட்டபோது, அதன் இணைப்புக்காகப் பத்து இசையமைப்பாளர்கள் ஆளுக்கொரு படைப்பை அளித்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி, பார்டோக், ஃபாயா, ஸாத்தி ஆகியோர் அதில் அடக்கம். ராவெல் அளித்தது வயலினுக்கும் செலோவுக்குமான ஒரு தனிப் பகுதி. அதுவே பின்னர் இந்தச் சொனாட்டாவின் முதல் பகுதியாக நிலைபெற்றது. முழுப் படைப்பும் டெபுஸியின் நினைவுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

மீதி மூன்று பகுதிகளையும் எழுதி முடிக்க அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கு இடையில்தான், 1921-இல், பாரிசுக்கு வெளியே மோன்ஃபோர்-லாமோரி என்ற சிற்றூரில் வீடு வாங்கிக் குடியேறினார். முழுச் சொனாட்டாவும் 1922 ஏப்ரல் 6 அன்று பாரிசின் ஸால் ப்ளெயெல் அரங்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வயலின் வாசித்தவர் ராவெலின் நெருங்கிய தோழி எலேன் ஜூர்தான்-மொரான்ஜ். செலோ வாசித்தவர் மொரீஸ் மரெஷால்.

இந்த மரெஷாலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது, 1915-இல், தச்சு வேலை அறிந்த சக வீரர்கள் இருவர் வெடிமருந்துப் பெட்டியின் பலகைகளைக் கொண்டு அவருக்கு ஒரு செலோவைச் செய்து தந்தார்கள். அந்தச் செலோ இன்றும் பாரிஸ் இசை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. ராவெலும் அதே போரில் இராணுவ லாரி ஓட்டியவர். போர் நடந்துகொண்டிருந்த 1917-இல்தான் தம் தாயையும் இழந்தார். அலங்காரம் உதிர்ந்து எலும்பும் நரம்பும் தெரிய நிற்கும் இந்த இசையைக் கேட்கும்போது, அந்தத் தலைமுறை எதைக் கடந்து வந்தது என்பது நினைவில் இருப்பது நல்லது.

தம்முடைய இசைப் பயணத்தில் இந்தச் சொனாட்டா ஒரு திருப்புமுனை என்றே ராவெல் கருதினார். இதில் இசையின் உடலை இயன்றவரை மெலியச் செய்ததாகவும், கவர்ச்சியான ஒத்திசைவுகளைத் துறந்து மெட்டின் கோட்டை நோக்கித் திரும்பியதாகவும் அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். எனவே இங்கு கேட்கப்படும் சிக்கனம் திட்டமிட்டுச் செய்யப்பட்டது; எதுவும் குறைந்துபோனதாக எண்ண வேண்டியதில்லை.

முதல் படி: இரண்டு வாத்தியங்களின் எல்லைகளை அறிதல்

வயலினின் நான்கு தந்திகளும் மேற்கத்திய முறையில் ஐந்தாம் இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பஞ்சமமாக அமையும்படி, சுருதி சேர்க்கப்படுகின்றன. மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 196 அதிர்வுகள். அதற்கு மேல் 294, 440, 659. கர்நாடகக் கச்சேரியில் இதே வாத்தியம் ஸ-ப-ஸ-ப என்று பாடகரின் சுருதிக்கு ஏற்பச் சேர்க்கப்படுவதைப் பார்த்தவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். செலோவின் தந்திகள் 65, 98, 147, 220 ஹெர்ட்ஸ் என்று போகின்றன. வயலின் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; செலோவுக்கு ஏறத்தாழ 69 செ.மீ.

இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், செலோவின் உச்சத் தந்தி (220) வயலினின் அடித் தந்தியைவிட (196) உயர்ந்தது. அந்த உச்சத் தந்தியின் சரிபாதியில் விரலை வைத்தால் 440 ஹெர்ட்ஸ், அதாவது வயலினின் மூன்றாம் தந்தியின் ஒலி, செலோவிலேயே கிடைத்துவிடும். ஆகவே செலோ என்றாலே தாழ்ந்த ஒலி என்று எண்ணிக் கேட்டால் இந்தச் சொனாட்டாவில் வழி தவறிவிடும். ராவெல் செலோவை அடிக்கடி வயலினின் வீட்டுக்குள் அனுப்புகிறார். சில இடங்களில் மேலே பாடுவது செலோவா வயலினா என்று ஐயம் எழும்.

உயரத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாதபோது ஒலியின் தன்மையை வைத்துப் பிரிக்க வேண்டும். உச்சத் தந்தியில் மேலேறிய செலோவின் ஒலியில் ஓர் இறுக்கம், முயன்று எட்டும் குரலின் அழுத்தம் இருக்கும். அதே உயரத்தில் வயலின் தன் இயல்பான இடத்தில் நிற்பதால் தளர்வாக ஒலிக்கும். இதைப் பயில, தனிச் செலோ இசைப்பதிவு ஒன்றையும் தனி வயலின் பதிவு ஒன்றையும் சில நிமிடங்கள் மாற்றி மாற்றிக் கேட்பது போதும்.

இரண்டாம் படி: நிறுத்தாமல் ஒருமுறை

முதல் முறை முழுவதையும் இடைநிறுத்தாமல் கேளுங்கள். புரிகிறதா, பிடிக்கிறதா என்ற தீர்ப்பை ஒத்திவையுங்கள். கைபேசியின் ஒலிபெருக்கியில் இந்தச் சொனாட்டாவைக் கேட்பது வீண். செலோவின் தாழ்ந்த ஸ்வரங்கள் அதில் அநேகமாகக் கேட்காமலே போய்விடும். காதில் அணியும் ஹெட்ஃபோன் நல்லது. பெரும்பாலான ஸ்டீரியோ பதிவுகளில் ஒரு வாத்தியம் சற்று இடப்பக்கமாகவும் மற்றது சற்று வலப்பக்கமாகவும் ஒலிக்கும். தொடக்கத்தில் இந்தப் பிரிவு பெரிய உதவி.

மூன்றாம் படி: முதல் பகுதியும் இரு காந்தாரங்களும்

இங்குதான் அதிக நேரம் செலவிட வேண்டும். முழுச் சொனாட்டாவின் விதையும் இங்கே இருக்கிறது.

வயலின் தனியாகத் தொடங்குகிறது. ஒரு சிறு சுழற்சி, திரும்பத் திரும்ப, மென்மையாக வருகிறது. அதன் உள்ளடக்கத்தைக் கர்நாடக இசையின் பெயர்களில் சொன்னால் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும்: ஸட்ஜமும் பஞ்சமமும் மாறாமல் நிற்க, இடையில் வரும் காந்தாரம் மட்டும் ஒருமுறை சாதாரண காந்தாரமாகவும் மறுமுறை அதைவிட அரைப்படி உயர்ந்த அந்தர காந்தாரமாகவும் மாறுகிறது. மேற்கத்திய இலக்கணத்தில் சாதாரண காந்தாரம் மைனர் என்ற இருண்ட சாயலையும் அந்தர காந்தாரம் மேஜர் என்ற ஒளிமிக்க சாயலையும் தீர்மானிக்கும் ஸ்வரங்கள். வழக்கமாக ஒரு படைப்பு தொடங்கிய சில நொடிகளில் அது எந்தப் பக்கம் என்பது தெளிவாகிவிடும். ராவெல் அந்தத் தெளிவைத் தர மறுக்கிறார். இருளும் ஒளியும் மாறி மாறி வருவதால், எந்த மனநிலையில் இருக்கிறோம் என்பதைக் கேட்பவர் முடிவு செய்யவே முடிவதில்லை.

நாட்டை ராகத்தின் ஷட்ச்ருதி ரிஷபம் சாதாரண காந்தாரத்தின் ஸ்வரஸ்தானத்திலேயே நிற்பதால், அந்த ராகத்தில் பழகிய காதுக்கு இவ்விரு ஸ்வரஸ்தானங்களும் ஒரே படைப்பில் வருவது முற்றிலும் புதிதாக இராது. ஆனால் நாட்டையில் அவை இரண்டும் வெவ்வேறு கடமை உடைய ஸ்வரங்கள். இங்கே ஒரே இடத்துக்கு இரண்டும் போட்டியிடுகின்றன. அந்தப் போட்டியின் உரசலே இந்தப் பகுதியின் உயிர்.

இந்தச் சுழற்சியின் மீது செலோ நீண்ட, அமைதியான ஒரு மெட்டைக் கொண்டு நுழைகிறது. செலோ நுழைந்தவுடன் நம் கவனம் முழுவதும் அதன் பக்கம் சாய்ந்துவிடும், அது இயல்பு. அப்போது வலிந்து வயலினுக்குத் திரும்புங்கள். அது இன்னமும் தன் சுழற்சியைத் தொடர்ந்துகொண்டிருக்கும், செலோவின் ஒவ்வொரு ஸ்வரமும் அதன் மீது பட்டு நிறம் மாறிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் இரண்டும் கடமையை மாற்றிக்கொள்கின்றன: சுழற்சி செலோவுக்குப் போகிறது, மெட்டு வயலினுக்கு வருகிறது. இந்தக் கைமாற்றம் நிகழும் கணத்தைத் துல்லியமாகப் பிடிப்பதே இந்தப் படியின் பயிற்சி.

இன்னொரு அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸட்ஜத்திலிருந்து காகலி நிஷாதத்துக்கு ஒரே தாவலில் போவது போன்ற அகன்ற, கூரிய பாய்ச்சல்கள் இந்தப் பகுதியில் தொடராக வரும். மேற்கத்திய இலக்கணம் இதை மேஜர் ஏழாம் இடைவெளி என்கிறது. மேல் ஸட்ஜத்தை எட்ட அரைப்படி குறைவதால் அந்தப் பாய்ச்சல் நிறைவுபெறாமல் அந்தரத்தில் நிற்கும். இரு காந்தாரங்களின் ஊசலாட்டமும் இந்தப் பாய்ச்சலும் பிற்பகுதிகளிலும் வேறு வேடங்களில் திரும்பும்.

நான்காம் படி: மீட்டும் பகுதி

இரண்டாம் பகுதி மிக விரைவானது. புதியவர்களை முதலில் கவர்வதும் பெரும்பாலும் இதுவே. வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியை மீட்டும் பிட்ஸிகாட்டோ முறையில் தொடங்குகிறது. முதல் பகுதியில் மெதுவாக ஊசலாடிய அந்த இரு காந்தாரங்கள் இங்கே இரு வாத்தியங்களுக்கும் இடையே பந்தாடப்படுகின்றன. மீட்டும் ஒலி பிறந்தவுடன் மறைந்துவிடுவதால், வயலின் விட்ட இடத்தைச் செலோ ஒரு நொடியின் சிறு கூறுகூடத் தவறாமல் நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒருவர் சறுக்கினாலும் வலை அறுந்துவிடும்.

ஒரு கட்டத்தில் இரு வாத்தியங்களும் வெவ்வேறு ஆதார ஸ்வரங்களில், அதாவது இரண்டு தனித்தனிக் கீகளில், ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. நம் காதுக்கு, ஒரே மேடையில் இரண்டு தம்பூராக்கள் இரண்டு சுருதிகளில் ஒலிப்பதைப் போன்ற தொல்லை அது. அந்தத் தொல்லையைத் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒருமுறை வயலினை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை செலோவை மட்டும். தனித்தனியே இரண்டும் எளிய, துள்ளலான கோடுகள் என்பது தெரியவரும். மூன்றாம் முறை சேர்த்துக் கேட்டால் மோதல் சுவையாக மாறத் தொடங்கும்.

இந்தச் சொனாட்டாவின் கடினத்தைப் பற்றி ஜூர்தான்-மொரான்ஜ் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். செலோ புல்லாங்குழலைப் போலவும் வயலின் முரசைப் போலவும் ஒலிக்க வேண்டியிருக்கிறதே, இதைத் தேர்ந்த வித்தகர்களால்தானே வாசிக்க முடியும் என்று அவர் ராவெலிடம் முறையிட்டாராம். அப்படியானால் கற்றுக்குட்டிகளின் கையில் தம் படைப்பு சிதைக்கப்படாது என்று ராவெல் மகிழ்ந்தாராம். ஜூர்தான்-மொரான்ஜ் சொன்ன அந்த வேடமாற்றத்தை நேரடியாகக் கேட்க ஏற்ற இடம் இந்த இரண்டாம் பகுதி.

ஐந்தாம் படி: மெதுவான பகுதி

செலோ தனியே தொடங்குகிறது. வயலின் பிறகுதான் வந்து சேர்கிறது. இசையின் உருவம் எளிது: அமைதியிலிருந்து எழுந்து, நடுவில் கொந்தளித்து, மீண்டும் அடங்குகிறது. இதற்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. அஞ்சலியாகப் பிறந்த ஒரு படைப்பின் நடுவில் இப்படி ஒரு பகுதி அமைந்திருக்கிறது என்ற நினைவோடு, வேறு வேலை எதுவும் செய்யாமல், முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பக்கத்தில் பியானோ போன்ற நிறைவான ஒலி ஒன்று இல்லாததால் இரு கோடுகளுக்கும் இடையில் வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடத்தையும் இசையின் அங்கமாகக் கேட்கப் பழகுங்கள்.

ஆறாம் படி: இறுதிப் பகுதி

முதல் மூன்றிலும் பழகிவிட்ட காது இறுதிப் பகுதியில் கொஞ்சம் திணறக்கூடும். தாள அளவு அடிக்கடி மாறுகிறது. காலால் தட்டிக்கொண்டே கேட்க முயன்றால் சில அடிகளிலேயே தவறிவிடும். செலோ வெட்டு வெட்டான ஒரு மெட்டைத் தொடங்க, வயலின் அதைப் பற்றிக்கொள்கிறது. பிறகு வேறு மெட்டுகள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. இடையிடையே முதல் மெட்டு திரும்பி வருகிறது. பல்லவி திரும்புவதைக் கண்டுகொள்ளும் நம் பழக்கம் இங்கே கைகொடுக்கும். அந்தத் தொடக்க மெட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அது திரும்பும் இடங்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இறுதியை நெருங்கும்போது, தனித்தனியே வந்த மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இரண்டு கோடுகளைப் பின்தொடரும் பயிற்சி அங்கே முழுமையாகச் சோதிக்கப்படும்.

இந்தப் பகுதியில் ஹங்கேரிய நாட்டுப்புற இசையின் சாயலைப் பலர் கேட்கிறார்கள். ராவெலுக்கு முன்பே, 1914-இல், ஹங்கேரியின் ஸோல்தான் கொடாய் இதே இரு வாத்தியங்களுக்காக ஒரு டூயோவை, அதாவது இருவர் வாசிக்கும் படைப்பை, எழுதியிருந்தார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

பதிவுகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே பதிவை மீண்டும் மீண்டும் கேட்பதைவிட, ஓரளவு பழகிய பின் இரண்டு மாறுபட்ட பதிவுகளை ஒப்பிடுவது பலன் தரும். ரெனோ கப்யூசோன், கோத்தியே கப்யூசோன் என்ற சகோதரர்களின் பதிவில் இரு குரல்களும் ஒரே மூச்சில் இயங்குவதைக் கேட்கலாம். தொடங்குவதற்கு அதையே சொல்வேன். வயலின் கலைஞர் பத்ரீசியா கொபாச்சின்ஸ்காயாவும் செலோ கலைஞர் சோல் கபெத்தாவும் 2021-இல் வெளியிட்ட பதிவு இதற்கு நேர் மாறானது: துணிச்சலும் கூர்மையும் மிக்கது, சில இடங்களில் வேண்டுமென்றே கரடாக ஒலிப்பது. மீட்டும் பகுதிக்கு அந்தப் பதிவு எனக்கு மிகவும் பிடிக்கும்; மெதுவான பகுதிக்குச் சகோதரர்களின் பதிவையே நாடுவேன்.

இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் இணையத்தில் உள்ள ஐஎம்எஸ்எல்பி நூலகத்தில் இந்தச் சொனாட்டாவின் பக்கங்களைத் தேடிப் பார்க்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதில் பயன் உண்டு. மேல் வரி வயலின், கீழ் வரி செலோ. புள்ளிகள் ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் தொடர்ந்தாலே, செலோவின் வரி எங்கே உயரப் போகிறது, கடமை எங்கே கைமாறுகிறது என்பது புலப்படும்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு

வயலினோ செலோவோ பயில்கிறவர்கள் உடனே இந்தச் சொனாட்டாவில் இறங்கக் கூடாது. வயலின் பயில்கிறவர்கள் பேலா பார்டோக் 1931-இல் இரண்டு வயலின்களுக்காக எழுதிய 44 சிறு டூயோக்களில் தொடங்குவது சரியான வழி. கற்பிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட அந்தத் தொகுப்பு எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகச் செல்கிறது. கற்கிறவரும் கற்பிக்கிறவரும் சேர்ந்து வாசிக்க அதைவிடப் பொருத்தமான நவீன இசையை நான் அறியேன். வாசிக்கும்போது பாகங்களை மாற்றிக்கொண்டு ஒருமுறை வாசிப்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவரின் வரியைக் கையால் அறிந்த பின்னரே அதைக் காதால் முழுமையாகக் கேட்க முடிகிறது.

அடுத்து எவற்றைக் கேட்கலாம்

ராவெலின் சொனாட்டா ஓரளவு வசமானதும் முதலில் கொடாயின் டூயோவுக்குச் செல்லுங்கள். அதன் மெட்டுகள் இன்னும் அகலமானவை, நாட்டுப்புறப் பாடலுக்கு அருகில் நிற்பவை. ராவெலுக்குப் பிறகு கேட்டால் தாராளமாகவும் இளைப்பாறுதலாகவும் இருக்கும். அடுத்து எர்வின் ஷுல்ஹாஃப் 1925-இல் எழுதிய டூயோ, பொஹுஸ்லாவ் மார்ட்டினூ 1927-இல் எழுதிய முதல் டூயோ, ஆர்தர் ஹோனகரின் 1932-ஆம் ஆண்டுச் சொனாட்டினா என்ற வரிசையைப் பரிந்துரைப்பேன். மூன்றும் வயலினுக்கும் செலோவுக்கும் எழுதப்பட்டவையே. பின்னோக்கிப் போக விரும்புகிறவர்கள் டெபுஸியின் கடைசி மூன்று சொனாட்டாக்களைக் கேட்க வேண்டும். ஆறு எழுதத் திட்டமிட்டு மூன்றை மட்டுமே அவர் முடித்தார்: 1915-இல் செலோவுக்கும் பியானோவுக்குமானது, அதே ஆண்டில் புல்லாங்குழல், வியோலா, ஹார்ப் மூன்றுக்குமானது, 1917-இல் வயலினுக்கும் பியானோவுக்குமானது. அவற்றுள் செலோ சொனாட்டாவை முதலில் எடுங்கள். நடுப் பகுதியில் செலோ ஏறக்குறைய கிட்டாரைப் போல மீட்டப்படுவதைக் கேட்ட பின், ராவெலின் இரண்டாம் பகுதியை மறுபடி ஒலிக்கவிட்டால், ஒரு மூத்த கலைஞருக்கு இளையவர் தந்த மரியாதை எவ்வளவு நுட்பமானது என்பது காதுக்கே தெரியும்.